எழுபத்து மூன்றாம் கேள்வி

யோகலட்சுமியின் பட்டச் சான்றிதழ் கோவில்பட்டியில் ஒரு பூச்சிமருந்துக் கடையின் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அசல் இல்லை, நகல். அசல் வீட்டுப் பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டுமென்றால் அதற்கென்று படித்த ஒரு ஆள் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் சில கடைகளில் சான்றிதழ் மட்டும் தொங்கும், ஆளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் ஷேக் தாவூது அந்தப் பழக்கம் இல்லாதவர். சான்றிதழோடு ஆளும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படித்தான் பி.எஸ்சி. வேளாண்மை முடித்த யோகலட்சுமி, இருபத்து மூன்று வயதில், பசுவந்தனை ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த தன் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி அந்தக் கடைக்கு வர ஆரம்பித்தாள். இப்போது இருபத்தாறு.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு என்று வாடிய இலையோடு வருகிறவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எக்டேருக்கு எத்தனை கிராம் என்று கல்லூரியில் படித்ததை, டேங்குக்கு எத்தனை மூடி என்று மாற்றிச் சொல்ல வேண்டும். மருந்துப் பாட்டிலின் மூடிதான் இங்கே எல்லோருக்கும் அளவு. மில்லி என்று சொன்னால், சரி, அது எத்தனை மூடி என்று மறுபடியும் கேட்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் போனில் படிப்பாள். ஷேக் தாவூது ஒன்றும் சொல்ல மாட்டார். வேலைக்குச் சேரும்போதே பேசிக்கொண்ட விஷயம் அது.

அவள் படித்தது வேளாண் முதுகலைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வுக்கு. நூற்றிருபது கேள்விகள். சரியென்றால் நாலு மார்க், தப்பென்றால் ஒன்று போகும். வடக்கே எந்தக் கல்லூரியிலாவது எம்.எஸ்சி.க்கு ஒரு இடம் கிடைத்தால் போதும். முதல் வருஷம் தேறாதபோது இரண்டு நாள் அழுதாள். இரண்டாம் வருஷம் அழவில்லை, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் வருஷத்துக்கு விண்ணப்பம் போடும்போது, கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தவள் புகைப்படத்தைப் பதிவேற்றும் இடத்தில் நின்று, இதெல்லாம் வேறு யாருக்கோ நிரப்பிக் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு நிரப்பி முடித்தாள். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து ஆறரை வரை படித்தாள். பஸ்ஸில் படித்தாள். கடையில் படித்தாள். உப்புப் போடாத குழம்பை ஒருநாள் கடைசி வாய் வரை சாப்பிட்டு எழுந்துவிட்டாள். அம்மா செண்பகவல்லிதான் அடுத்து உட்கார்ந்து வாயில் வைத்துவிட்டு, இவளுக்கு நாக்கும் செத்துப்போச்சா என்று கேட்டாள்.

இதுதான் கடைசித் தடவை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. குளத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் செண்பகராஜ், மணியாச்சியில் ரயில்வே வேலை. நல்ல இடம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்கிறோம், இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். யோகலட்சுமி அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். பையனின் முகத்தை அப்புறம் நினைத்துப் பார்த்தபோது சட்டையின் நிறம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

அவளுடைய நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு வரி, சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: மழை என்றால் ஜூன். முந்தைய இரண்டு தேர்விலும் மாதிரித் தேர்வுகளிலும் அவள் மார்க்கை இழந்த இடம் அதுதான். இந்தக் கரிசலில் மழை என்றால் ஐப்பசி. அதற்கு முன்னால் புரட்டாசியில், புழுதிக்குள்ளேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஆனியிலும் ஆடியிலும் காற்றுதான் வரும். ஆனால் தேர்வு நாடு முழுமைக்கும் பொது. நாட்டில் பெரும்பாலான இடத்தில் பருவமழை ஜூனில் தொடங்கிவிடுகிறது. கேள்விகளும் அந்த மழைக்குத்தான் வரும். கேள்வியில் பருவம் என்று வந்தால் நம் ஊரை மறந்துவிட வேண்டும் என்று அவள் தனக்குத்தானே பாடம் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் வருஷத்து மாதிரித் தேர்வுகளில் அந்தத் தப்பு ஒருமுறைகூட வரவில்லை. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஜூன் என்று சொல்லியிருப்பாள்.

தேர்வு ஆனி மாதம், திருநெல்வேலியில். காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கயத்தாறு வரை இரண்டு பக்கமும் வெறும் தரை. கோடையுழவு போட்ட நிலம் கட்டிகட்டியாக, உழாத நிலம் கை நுழைகிற அளவு வெடித்து. காற்றாலைகள் மட்டும் ஓயாமல் சுற்றின. ஆள் நடமாட்டம் இல்லை. அவள் எதையும் குறித்துப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். தேர்வுக்கூடத்தில் காதுக் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். கம்ப்யூட்டர் முன் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோது, எப்படி எழுதினாய் என்று அம்மா போனில் கேட்டாள். எழுதியிருக்கேன் என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை விடைக்குறிப்பு வந்தது. அவரவர் குறித்த விடையும், சரியான விடை என்று தேர்வு நடத்தியவர்கள் வைத்திருக்கிற விடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடையில் கூட்டம் இல்லை. ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். எழுபத்து மூன்றாவது கேள்வியில் நின்றாள்.

மழையை மட்டும் நம்பிய கரிசல் நிலத்தில் சோளம் விதைக்க ஏற்ற காலம் எது? அவர்கள் சொன்ன விடை: ஜூன்–ஜூலை, பருவமழை தொடங்கியதும். அவள் குறித்திருந்தது: செப்டம்பர் பிற்பாதி, மழைக்கு முன் புழுதியில்.

அதைக் குறித்த ஞாபகமே அவளுக்கு இல்லை. சந்தேகப்பட்டு யோசித்த கேள்விகள் எல்லாம் ஞாபகம் இருந்தன. இது யோசிக்காமல் போட்டது. கை போட்டது. மிச்சத்தையும் எண்ணி முடித்து, போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்று மார்க் குறைவு. அந்த ஒரு கேள்வி சரியாகியிருந்தால் போன ஒரு மார்க் திரும்பி, நாலு மார்க் சேர்ந்து, தாண்டியிருப்பாள்.

பேனாவை மூடி வைத்தாள்.

மருந்து வாங்க வந்திருந்த சௌந்தரபாண்டியன் என்ற விவசாயியோடு பேசிக்கொண்டிருந்த ஷேக் தாவூது, என்னம்மா ரிசல்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, கேள்வியைத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"நீ என்ன போட்ட?"

"செப்டம்பர்."

"சரியாத்தான போட்டிருக்க?"

"தப்பு அண்ணாச்சி. ஜூன்தான்."

"ஜூன்ல இங்கன எவம்மா வெதைக்கான்? நான் ஆவணியிலதான் வெத மூட்டையவே எறக்குதேன். ஜூன்ல எறக்குனா வண்டுல்லா தின்னு தீத்துரும்."

"அது நம்ம ஊருக்கு. பரிச்சைக்கு ஜூன்தான்."

"அப்போ நம்ம ஊரு நாட்டுல இல்லியா?"

"பரிச்சையில இல்ல அண்ணாச்சி."

அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆனால் சௌந்தரபாண்டியன் சிரித்துவிட்டார். ஷேக் தாவூது சிரிக்கவில்லை. முப்பது வருஷமாகப் புரட்டாசியை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர் அவர். அந்த ஒரு மாத விற்பனையில்தான் மிச்சப் பதினொரு மாதமும் கடை ஓடுகிறது. அதையே தப்பு என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. மேலே சொல்லிக் கேட்க வழி இல்லையா என்றார். இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மறுப்பு எழுதிப் பதிவேற்றலாம், ஆனால் அச்சடித்த ஆதாரம் வேண்டும் என்றாள்.

ஆதாரம்தானே, வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கூட்டத்தில் கொடுத்த மானாவாரிச் சாகுபடிப் புத்தகம் வீட்டில் கிடக்கிறதே என்று அவர் வேகமாகச் சொன்னார். அப்புறம் அந்த வேகம் குறைந்தது.

"இது சரின்னு ஆயிட்டா நீ போயிருவ, என்ன?"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு வருசம்."

அவள் போய்விட்டால் கடையில் சான்றிதழுக்கு ஆள் இல்லை. ஆவணியில் சரக்கு இறங்குவதற்குள் இன்னொரு படித்த ஆளைப் பிடித்து, உரிமத்தில் பெயர் மாற்றி, அலுவலகத்துக்கு நடந்து, எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை. "வீட்டுல எங்கன கெடக்கோ, தேடிப் பாக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று வீட்டில் அவள் இதைச் சொன்னபோது அப்பா அழகிரிசாமி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது உருப்படி வெள்ளாடும் செம்மறியும், போக மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் அவருக்கு இருந்தன. விதைப்புக்கு முன் வெறுங்காடாகக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் ஆடுகள் எங்கே வேண்டுமானாலும் போய் மேயலாம்.

"ஆனியில வெதைக்கணுமாமா? பரிச்சைய எங்கன வச்சு நடத்துதானுவ?"

"டெல்லியில இருந்துப்பா."

"அப்போ டெல்லியில வெதைக்கட்டும். இங்கன வெதைச்சா எறும்பு தூக்கிட்டுப் போறத நின்னு வேடிக்க பாக்கலாம்."

அவருக்கு அது இரவுச் சாப்பாடு வரைக்கும் போதுமான சிரிப்பாக இருந்தது. செண்பகவல்லி சிரிக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி, அந்த மார்க்கு வந்தா சீட்டு கெடைக்குமா கெடைக்காதா, அத மட்டும் சொல்லு."

"கெடைக்கலாம்மா."

"அப்போ எழுதிப் போடு. எதுன்னாலும் ஒண்ணு ஆவட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒன்ன வச்சுப் பாக்க எனக்கு ஏலல."

சரி என்றாள். ஆனால் எழுதவில்லை. தப்பை ஒத்துக்கொள்வது அவளுக்குப் பழகியிருந்தது. மூன்று வருஷமாக, தனக்குத் தெரிந்ததைத் தப்பு என்று நினைத்துக்கொள்ளத்தான் அவள் பயிற்சி எடுத்திருந்தாள். அந்தப் பயிற்சி ஒழுங்காக வேலை செய்தது. ஜூன்தான் சரி என்று அவளுக்கே தோன்றியது.

வியாழக்கிழமை ஷேக் தாவூது புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆராய்ச்சி நிலையம் அதே ஊரில்தான் இருந்தது. ஒரு ஆட்டோ ஏறியிருந்தால் அரை மணி நேரத்தில் கேட்டு வாங்கி வந்திருக்கலாம். அந்த யோசனை அவளுக்கு வராமல் இல்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வந்தது. கழுவி மூடும்போது போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஷேக் தாவூது ஜும்ஆவுக்குக் கிளம்பினார். தொழுகை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத்தான் வழக்கமாக வருவார். அன்று இரண்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. கையில் ஒரு ஒல்லியான புத்தகம், அட்டை ஓரம் பூச்சி அரித்திருந்தது. அவள் முன்னால் வைத்தார்.

"பதினாலாம் பக்கம்."

பிரித்துப் பார்த்தாள். சோளம், மானாவாரிக் கரிசல், விதைப்புக் காலம் செப்டம்பர் மூன்றாம் வாரம் முதல் என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது.

"புதங்கெழமையே கெடைச்சிட்டு" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "பீரோவுக்கு மேலதான் இருந்துச்சு."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருப்பாரோ என்னவோ. யோகலட்சுமி, சரி அண்ணாச்சி என்றாள். கொஞ்சம் பொறுத்து, "லைசென்சுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். கேட்க வேண்டியது என்று தோன்றியதால் கேட்டாள்.

"அது எம்பாடு. நீ எழுது. அஞ்சு மணிதான?"

பக்கத்தை போனில் படம் எடுத்தாள். முதல் படத்தில் அவள் நிழலே விழுந்துவிட்டது. கடை வாசலுக்குப் போய் இன்னொன்று எடுத்தாள். புத்தகம் தமிழில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்களா என்று தெரியாது. கீழே ஆங்கிலத்தில் விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் கொடுத்திருந்தார்கள். 'எங்கள் ஊரில்' என்று ஆரம்பித்தாள். அது சரியில்லை என்று அழித்தாள். 'தெற்கு மாவட்டங்களின் மானாவாரிக் கரிசல் பகுதியில்' என்று மாற்றினாள். இங்கே ஜூன், ஜூலையில் விதை முளைக்கிற அளவு மழை பெய்வதில்லை, வடகிழக்குப் பருவமழையே பயிருக்கு ஆதாரம், கேள்வியில் எந்தப் பகுதி என்று குறிப்பிடவில்லை, ஆகவே இரண்டு விடையும் பொருந்தும். எழுதும்போது நடுவில் ஒருவர் வந்து களைக்கொல்லி கேட்டார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்து, மூடிக் கணக்கு சொல்லி, பில் போட்டுவிட்டு வந்து அடுத்த வாக்கியத்தை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்து, கல்லூரியில் நாலு வருஷம் ஆங்கிலத்தில் படித்தவள், தன் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. இலக்கணம் சரியா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு நாலு இருபதுக்கு அனுப்பினாள்.

ஷேக் தாவூது அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றி மடித்து, சாப்பிட வீட்டுக்குப் போனார்.

இறுதி விடைக்குறிப்பு ஆடிக் கடைசியில் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தாள். எழுபத்து மூன்றுக்கு நேரே இரண்டு விடைகள் போட்டிருந்தன. இரண்டும் சரி. அவள் பெயரோ, அந்தப் புத்தகமோ, கடையோ எதுவும் அதில் இல்லை. இரண்டு எழுத்துகள், நடுவில் ஒரு கோடு. போனைப் பைக்குள் போட்டாள். ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, அம்மா வாங்கச் சொன்ன கொத்தமல்லிக் கட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். வீட்டில் மல்லியைக் கொடுத்துவிட்டு முகம் கழுவி, விளக்குப் போட்ட பிறகுதான் சொன்னாள். செண்பகவல்லி கையிலிருந்த மல்லியோடு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அழகிரிசாமி, டெல்லிக்காரன் ஒத்துக்கிட்டானா என்று கேட்டுவிட்டு, தான் ஏதோ வழக்கில் ஜெயித்த மாதிரி தெருவுக்குப் போனார்.

ரேங்க் வந்தது. கலந்தாய்வில் முதல் சுற்றில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. இதற்கு நடுவில் ஷேக் தாவூது இன்னொரு ஆள் தேடி அலைந்தார். கழுகுமலைப் பக்கம் சத்தியபாமா என்று ஒரு பெண் கிடைத்தது. கைக்குழந்தை இருந்தது, குழந்தையோடு வரலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். யோகலட்சுமி அவளுக்கு எந்த அலமாரியில் எது என்று காட்டிக் கொடுத்தாள். இடம் கிடைக்காமல் போனால் தனக்கு இந்த வேலையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் சுற்றில் ராஜஸ்தானில் ஒரு கல்லூரி வந்தது. உழவியல். அவள் வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியலில் பதினேழாவது. இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். சேதி தெரிந்து, அன்று மத்தியானம் குளத்தூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. இரண்டு வருஷம் என்றால் நாங்கள் வேறு பார்த்துக்கொள்கிறோம், தப்பாக நினைக்க வேண்டாம் என்று அவர்கள் தன்மையாகவே சொன்னார்கள். செண்பகவல்லி அதை மகளிடம் சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, நீ அமுக்கு என்றாள்.

யோகலட்சுமி அடுப்படி வாசலில் நின்றபடியே சம்மதம் என்ற பொத்தானை அமுக்கினாள். பச்சையில் ஒரு வரி வந்தது. படித்துக் காட்டினாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"சீட்டு ஒனக்குத்தான?"

"ஆமா."

செண்பகவல்லி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். மூன்று வருஷம் இந்த ஒரு வரிக்காக விளக்கு வைத்தவள் அவள். மகள் குதிப்பாள் என்று நினைக்கவில்லை. அழவாவது செய்வாள் என்று நினைத்திருந்தாள்.

"சந்தோசமா இருக்காட்டி ஒனக்கு?"

யோகலட்சுமி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கேள்விக்கு விடை தெரியாதபோது அவள் செய்வதுபோல், இருப்பதில் எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தெரியலம்மா."

செண்பகவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, புறங்கையை மகளின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நெற்றியில். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள். யோகலட்சுமி அங்கேயே நின்று, சேரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலைத் திறந்து, மேலே இருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள்.